ஒரு தட்டு முன்னால்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே போன வாரம் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை முளைத்திருந்தது. நடனப் பள்ளியின் ஆண்டு விழா. நடுவில் பட்டுப் புடவையில் மேடம். அவரைச் சுற்றி மாணவிகள் பாசிப்பயறு அளவில். கீழே சிவப்பு எழுத்தில், "கொரோனா காலத்திலும் தாளம் தப்பாத ஒரே பள்ளி." ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை உட்கார்ந்திருந்ததால் அதை நான்கு முறை படிக்க வேண்டியதாயிற்று. நான்காவது முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை என்னிடமிருந்து சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அந்தத் தப்பாத தாளத்தை வீடு வீடாக அனுப்பிவைத்தவள் நான். டிப்ளமோ முடித்து, வேலைக்கான கடிதமும் கையில் இருந்தபோது ஊரடங்கு வந்தது. கம்பெனி "பிறகு சொல்கிறோம்" என்றது. சிறுவயதில் மூன்று வருடம் அந்தப் பள்ளியில் ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்பது பெருந்தன்மையான சொல். என் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மேடம் போன் செய்தார்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டருக்குதான படிச்ச?"

"எலக்ட்ரானிக்ஸ் மேடம்."

"ரெண்டும் கரண்டுலதான ஓடுது. நாளைக்கு வா."

இன்றும் சானிடைசர் வாசனை அடித்தால் எனக்கு மருத்துவமனை நினைவுக்கு வருவதில்லை. துணிக்கடைக்கு மேலே இருந்த அந்தக் கூடம்தான் வருகிறது. ஆள் இல்லாத தரை, சுவர் முழுக்க மேடம் பரிசு வாங்கும் படங்கள், பாயில் மேடம், அவர் முன்னால் தாளம் தட்டும் கட்டை, கட்டைக்கு எதிரே மடிக்கணினி. முதல் நாள் இணைய வகுப்பில் கட்டைச் சத்தத்தை வீடியோ செயலி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிட்டது. முப்பது வீடுகளில் பிள்ளைகள், மேடம் கோபத்தோடு ஓசையே இல்லாமல் மரத்தை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயலியின் ரசனையை அன்று குறை சொன்னேன், இன்று சொல்லமாட்டேன். அமைப்புகளுக்குள் போய் அந்த வடிகட்டியை அணைத்தேன். அதே நேரத்தில் மேடம் பரணிலிருந்து பழைய கட்டையை இறக்கச் சொல்லியிருந்தார். "நல்ல மரம்னா நெட்டுலயும் கேக்கும்" என்று பெற்றோர்களுக்கு அறிவித்தார். நான் திருத்தவில்லை.

எனக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நீல அட்டை நோட்டு ஒன்றில் தினமும் கோளாறுகளைக் குறித்தேன். இடது வலது மாறிப் படிந்த வீடியோவைப் பார்த்துப் பழகி, பாதிப் பிள்ளைகள் வலதுக்கு இடதைத் தூக்கியது. திரைக்கு வெளியிலிருந்து தாய்மார்கள் முத்திரையைச் சொல்லிக் கொடுத்தது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு பெண், ஆலையில் வேலை செய்யும் அப்பாவின் போனில் வருவாள். முழங்கால் மடித்த அரைமண்டியில் அப்படியே உறைந்து நிற்பாள். "நெட்டு நின்னுபோச்சு பாவம்" என்பார் மேடம். அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தையின் மேல் எனக்கு இருந்த மதிப்பு வேறு யார் மேலும் அப்போது இல்லை.

இணையவழிச் சலங்கை பூஜையை மட்டும் நோட்டில் எழுதவில்லை. தனியாக நினைவிருக்கும் என்று விட்டுவிட்டேன், இருக்கிறது. வீடுகளில் பிள்ளைகள் சலங்கையைப் போனுக்கு முன்னால் வைத்துக் கும்பிட, மேடம் இங்கிருந்து மடிக்கணினியின் மேல் அட்சதை தூவி ஆசீர்வதித்தார். விசைப்பலகைக்குள் போன அரிசியை அன்று மாலை முழுவதும் ஊசியால் எடுத்தேன்.

இதெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. செல்வராணி விஷயம் அப்படி இல்லை.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மலைமேல் கரியாலூர்ப் பக்கம் வீடு. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவள், விடுதியை மூடியதும் மலைக்குத் திரும்பியிருந்தாள். அதற்கு முந்தின ஆண்டு விழாவுக்கு மைக் கட்டப் போனபோது அவள் ஒத்திகையைக் கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பிள்ளைகள் கட்டையை விட்டுவிட்டு, அவள் கால் விழும் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் காலைப் போட்டார்கள். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: முன்வரிசை.

மலையில் அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. சாலை வளைவுக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருந்தது. அங்கே கொஞ்சம் வரும். மாமாவின் போனைப் பலா மரத்தில் சாய்த்து வைத்து, பாறையில் ஆடுவாள். கட்டை இங்கே விழும். அந்தச் சத்தம் மலைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம். அவள் மிதிக்கும் காட்சி திரும்பி வரக் கொஞ்ச நேரம். இரண்டையும் சேர்த்தால், மெதுவாக ஆடும் முதல் காலத்தில் சரியாக ஒரு தட்டு. டவுன் பிள்ளைகளுக்கு இது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆகவே மேடத்தின் திரையில் எல்லோரும் ஆட, செல்வராணி மட்டும் எப்போதும் ஒரு தட்டு பிந்தினாள்.

"செல்வராணி, ஊரே ஆடி முடிச்சப்புறம் நீ இன்னா ஆடிக்கினு இருக்க?"

முப்பது வீடுகளும் கேட்டன. அவள் ஒலி அணைக்கப்பட்டிருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

நான் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். கட்டை, செல்போன் கோபுரம், மலை, அம்புக்குறிகள். மேடம் பொறுமையாகப் பார்த்தார்.

"மத்ததுங்களும் போன்லதான ஆடுது?"

"அதுங்க டவுன்ல இருக்குதுங்க மேடம்."

"அது இல்லம்மா. தாளம் ரத்தத்துல வரணும். மலையில வளந்த பொண்ணு, எவ்ளோதான் வரும்? குரூப்புல போடற வீடியோவுல அத சேக்க வேணாம்."

காகிதத்தை மடித்து அதன் மேல் காபி டம்ளரை வைத்தார்.

அன்று மாலையே செல்வராணி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, நான் கரெக்டாதான் போடறேன். மேடம் ஏன் திட்டிக்கினே இருக்காங்க?"

மேடத்தை மாற்ற முடியாது, அளவை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. படிப்பு தந்த திமிர் வேறு எதற்கு? "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேடம் சும்மா ரெண்டு தட்டு தட்டுவாங்க இல்ல? ரெண்டாவது தட்டு கேக்கும்போதே நீ மொத அடி போட்டுடு. அப்புறம் சத்தத்த கண்டுக்காத. மனசுல எண்ணிக்கினு ஆடு."

"தப்பா ஆடச் சொல்றீங்களா?"

"இங்க சரியா தெரியும்."

இரண்டு வாரத்தில் அவள் காலும் கட்டையும் திரையில் ஒட்டிக்கொண்டன. வேகம் இரட்டிப்பாகும் இரண்டாம் காலத்துக்கு இரண்டு தட்டு முந்த வேண்டும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன், அவளே கண்டுபிடித்திருந்தாள். மழை நாளில் சிக்னல் இன்னும் மந்தமாகும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள். நான் படித்த பாலிடெக்னிக்கில் அந்தக் காது யாருக்கும் இல்லை. மேடம் அந்தப் பதிவைப் பெற்றோர் குழுவில் போட்டார். "திட்டுனாதான் வருது, பாத்தீங்களா" என்று எழுதினார். கீழே முப்பது கைகூப்பல்கள். முன்வரிசையும் கிடைத்தது, திரையில் முன்வரிசை என்றால் மேலே இடது ஓரக் கட்டம்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு கூடம் திறந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் மலைப் பேருந்தில் காலையிலேயே வந்து படியில் காத்திருந்தாள். மேடம் அவளை முன்னால் நிறுத்தினார். நான் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடுவதற்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சும்மா இரண்டு தட்டு. இரண்டாவதிலேயே செல்வராணியின் கால் விழுந்தது. மற்ற கால்கள் ஒரு தட்டு கழித்து விழுந்தன. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அப்படியே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்தாள், அப்போது பிந்தியது.

"கட்டைக்கே வழி காட்றாடி இவ" என்றாள் பின்னால் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

மேடம் கழியைக் கீழே வைத்தார். "இன்னாடி, எனக்கே தாளம் எடுத்துக் குடுக்கறியா?"

கேமராவை அணைத்தேன். "நான்தான் மேடம் அப்படி ஆடச் சொன்னேன். மலையில லேட்டா கேக்குதுன்னு."

"அப்ப வீடியோவுல கரெக்டா இருந்தது?"

"அந்த லேட்ட கழிச்சது மேடம்."

"ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்திக்கினு இருந்தீங்களா?"

ஓராண்டாக ஒரு பெண் கேட்காத சத்தத்துக்குக் கால் போட்டிருக்கிறாள் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை. தன் குழுவில் தான் போட்ட வீடியோதான் மேடத்துக்குப் பெரிது. செல்வராணியைக் கடைசி வரிசைக்கு, அந்த மாதம் சேர்ந்த சின்னப் பிள்ளைகளோடு அனுப்பினார். "முதல் அடவுலேர்ந்து ஆரம்பி."

படியில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னாள், "காலு முன்னாடியே பூடுதுக்கா. நான் இன்னா பண்ண?"

"ஒரு மாசத்துல சரியாயிடும்" என்றேன். பழுதான இன்டர்நெட் மோடத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

இன்னும் இரண்டு சனிக்கிழமை வந்தாள். மூன்றாவது வரவில்லை. போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"அது ஆட்டத்த வுட்டுடுச்சும்மா. மரவள்ளி புடுங்கற எடத்துல எங்கூட நிக்குது. ஏன்டின்னு கேட்டா, தப்பா கத்துக்கினேன்னு சொல்லுது."

"தப்பு அதோடது இல்லங்க. நான் சொல்லிக் குடுத்தது."

"வூட்டாண்ட தனியா ஆடுனா நல்லாத்தான் இருக்குது. சரிம்மா, சார்ஜு இல்ல, வெச்சிர்றேன்."

இப்போது கரியாலூரில் செல்போன் கோபுரம் வந்துவிட்டது. அருவி பார்க்க வருகிறவர்கள் காரிலிருந்தே வீட்டுக்கு வீடியோ போடுகிறார்கள். தாமதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வளைவும் பாறையும் போயின. துணிக்கடை மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடக்கிறது. பள்ளி கலெக்டர் அலுவலகம் பக்கம் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது.

செல்வராணியின் காலும் மேடத்தின் கட்டையும் ஒரே கணத்தில் விழுந்தது பாறையில் அல்ல, கூடத்திலும் அல்ல. மேடத்தின் மடிக்கணினித் திரையில் மட்டும்தான். பள்ளி இடம் மாறிய வாரம்தான் எனக்கும் வேலைக்கு அழைப்பு வந்தது. மடிக்கணினி நிரம்பிவிட்டது, பழைய வகுப்புப் பதிவுகள் எதற்கு என்றார் மேடம். வேண்டாதவற்றைப் பட்டியல் போட்டு, தேதி வாரியாக அழித்தவள் நான்தான். எப்படியும் பொய்க் காட்சிதானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. நீக்கியவை போய்ச் சேரும் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்; வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கம் இல்லை.