ஆரணியில் ஒரு பேட்டரி வண்டியும் நான் அடிக்க விடாத ஹார்னும்

மின்சார வண்டியில் ஆரணிப் பக்கம் போய் வர முடியுமா, வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை போன வருடம். முதல் முறை எண்பதுகளின் நடுவில். அப்போதெல்லாம் மின்சார வண்டி என்றால் சென்னையில் தாம்பரம் ரயில், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த முதல் பயணத்தைப் பற்றியது. கேட்டவர்களுக்கான பதில் கடைசியில் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

அன்று நான் சென்னையில் லாரி பேட்டரி விற்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளை எதையுமே நம்பாதவனாக ஆக்கிவிடுகிற தொழில் அது. பழைய பேட்டரிக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று கொண்டுவருவார்கள், ஆசிட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு 'நேற்றுதான் வாங்கினேன்' என்பார்கள். அப்படி இருந்த சமயத்தில்தான் ஆரணியிலிருந்து எஸ்தர் அக்காவின் கடிதம் வந்தது. டேவிட் மாமா, அதாவது அக்காவின் கணவர், வீட்டிலிருந்த இரண்டு பட்டுத் தறிகளையும் விற்கப் போகிறார். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு ஆரணி வட்டாரத்தில் ஏஜென்சி எடுக்க முன்பணம் பதினைந்தாயிரம் கட்ட வேண்டுமாம். தறி வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். 'பேட்டரி உனக்குத் தெரியும். வந்து பார்த்து நீயே சொல்' என்று முடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 5.15க்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். டிக்கெட் 12 ரூபாய் 50 காசு. கண்டக்டர் ஐம்பது காசு சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 135 கிலோமீட்டரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். 9.40க்கு ஆரணியில் இறங்கும்போது அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

வண்டி மாமா வீட்டு வாசலிலேயே நின்றது. பச்சை நிறம், பின்னால் சாமான் தட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் ஆறு பேட்டரிகள். பக்கத்தில் சபாரி உடுப்பில் ஏஜென்ட். பெயர் ரங்கநாதன், வேலூர்க்காரர். "பெட்ரோல் வேணாம் சார், புகை இல்ல, சத்தம் இல்ல. ஒரு தபா சார்ஜ் பண்ணா நாப்பது கிலோமீட்டர்" என்றார். இதையே மாமாவும் அச்சடித்தாற்போலத் திருப்பிச் சொன்னார்.

பையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியிலும் ஆசிட் அளந்தேன். ஆறும் சரியாக இருந்தன. பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன், அடியில் பழைய எண் எதுவும் இல்லை. ரங்கநாதன் வெற்றிலை போட்டுக்கொண்டு அமைதியாக நின்றார். யோக்கியனாக இருந்தால் கோபம் வந்திருக்க வேண்டாமா?

"எத்தினி வருசம் உழைக்கும்?" என்று மாமாவே கேட்டார்.

"நல்லா பாத்துகினா மூணு வருசம் சார்."

"ஒன்றரை" என்றேன் நான். "அப்புறம் ஆறையும் மாத்தணும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும். அத ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார்" என்றார்.

அதைவிடப் பெரிய தொல்லை சார்ஜ் ஏற்றுவது. எட்டு மணி நேரம் ஆகும். அந்தத் தெருவில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பல்பே சிவந்துதான் எரியும், கரண்ட் நிற்கிற நாளும் உண்டு. வண்டி வாங்குகிற எவனும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள்தான் வைப்பான். பட்டு நூல் தொங்குகிற வீட்டில் ஆசிட்! ஒரு சொட்டு தெறித்தால் நூல் பொத்தலாகிவிடும். இதைச் சொன்னதும் அக்கா நூல் கட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். மாமா மட்டும் அசையவில்லை. "இன்னா சாமு, எல்லாத்துக்கும் பேஜார் பண்ணிகினு இருக்க? களம்பூர் அரிசி மில்லுக்கு நாலு வண்டி, சேத்துப்பட்டுல ரெண்டு, இந்தத் தெருவுல சேலை எடுத்துகினு போற யாவாரிங்களுக்கே பத்து வண்டி போவும்" என்றார்.

சரி, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ரயில் நிலையம் வரை போக வர 22 கிலோமீட்டர், திரும்பும்போது இரண்டு மூட்டை அரிசிச் சுமை. விதிகளை நான்தான் போட்டேன். சார்ஜ் ஏறியதும் பேட்டரிப் பெட்டிக்கு என் சொந்தப் பூட்டு. யாரும் மாற்றி வைக்க முடியாது. விளக்கு போடக் கூடாது. ஹார்ன் அடிக்கக் கூடாது, ஏனென்றால் ஹார்னும் அதே பேட்டரியில்தான் வேலை செய்கிறது. ஹார்ன் எவ்வளவு தின்னும்? ஒன்றுமே இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் வண்டி நடுவழியில் நின்றால், ஹார்ன் அடித்ததால்தான் என்று ஏஜென்ட் தப்பித்துவிடக் கூடாது. ரங்கநாதன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு ஹார்ன் விஷயத்தைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை 5.40க்குப் புறப்பட்டோம். ஓட்டியது மாமா, பின்னால் தட்டில் நானும் ரங்கநாதனும். 6.15க்கு ஸ்டேஷன். டீ நாற்பது காசு, நன்றாகவே இருந்தது. மில்லில் மூட்டையைத் தூக்கிப் போட்ட ஆள் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துவிட்டு, "இன்னாங்க, இஞ்சின் ஆப் ஆயிட்ச்சா?" என்று கேட்டார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தில் 'சத்தம்: இல்லை. நல்லது' என்று எழுதினேன். அந்த வண்டியைப் பற்றி நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

6.50க்குத் திரும்பினோம். எங்கே நிற்கப் போகிறது என்று கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். நிற்கவில்லை. ஆரணிக்குள் நுழையும்போது சார்ஜ் காட்டும் முள் ஏறக்குறைய பாதியில் இருந்தது. ஏமாற்று வேலை எங்கே என்று தேடித் தேடி என் தலைதான் வலித்தது. கிடைக்காவிட்டால் தறி போய்விடும். மாமா ஓட்டிக்கொண்டே பாட ஆரம்பித்திருந்தார்.

அந்தத் தெருவின் காலை நேரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் நெசவுக்காரர்கள் பாவு நூலை, அதாவது சேலைக்கு நீளவாட்டில் போகிற பட்டு இழைகளை, தெரு நடுவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் கட்டை, நடுவில் குச்சிகள், இடுப்பளவு உயரம். இரண்டு பக்கமும் நின்று, குனிந்து, அறுந்த இழைகளை முடிவார்கள். கண் முழுக்க இழையில் இருக்கும், யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். காதுதான் காவல். லாரியா, புல்லட்டா, மாட்டு வண்டியா என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, ஒரு பக்கம் நிற்பவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த மாமாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சத்தம் போடாத வண்டியை அவர் அதுவரை ஓட்டியதில்லை.

7.35க்குத் தெரு முனை திரும்பினோம். அன்றைக்குப் பாவு போட்டிருந்தது அக்கா. கல்யாணச் சேலைகள், மூன்று சேலைக்கான பாவு. எங்களுக்கு முதுகைக் காட்டி, நடு வழியில் குனிந்து நின்றாள். வழக்கம்போல ஒதுங்கிவிடுவாள் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். பத்தடி தூரத்தில்தான் அவருக்கு உறைத்தது. "எஸ்தர்!" என்று கத்திக்கொண்டே வண்டியை ஒடித்துத் திருப்பினார். அவள் முழங்கையை உரசிக்கொண்டு போய் வண்டி பாவுக் கட்டையில் மோதியது. கட்டை சாய்ந்தது. குச்சிகள் நழுவி, கட்டியிருந்த பாவு மொத்தமும் தொய்ந்து தரையில் விழுந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ரத்தம். "நீங்க வந்ததே தெரியலங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். தட்டிலிருந்து குதித்து ஓடி, என் கைக்குட்டையை அவள் முழங்கையில் கட்டினேன்.

தெருவே வந்து உட்கார்ந்தது. சிக்கை எடுத்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து பாவை நிமிர்த்த மதியம் மூன்று மணி ஆனது. ரங்கநாதன் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சபாரியைக் கழற்றிவிட்டு, பனியனோடு ஒரு முனைக் கட்டையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டார்: "ஹார்ன் இருக்குதே சார். ஏன் அடிக்கல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளாக அந்த மனுஷனின் ஒவ்வொரு வார்த்தையையும் உரசிப் பார்த்தவன் நான். வண்டி அவர் சொன்னபடிதான் ஓடியது. தப்பு என்னுடையது. ஆனால் வாயைத் திறந்தால் வண்டிமேல் குறை இல்லை என்றாகிவிடும், திங்கட்கிழமை தறி போய்விடும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"மறந்துட்டேங்க" என்றார் மாமா. பிறகு, "சத்தம் இல்லாத வண்டிய இந்தத் தெருவுல யாருக்கு நான் விப்பேன்? நீங்க எடுத்துகினு போங்க" என்றார்.

ரங்கநாதன் வாதாடவில்லை. சேத்துப்பட்டில் ஒருவர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாராம், 25 கிலோமீட்டர், இருக்கும் சார்ஜே போதும் என்று கிளம்பினார். தெரு முனை தாண்டும் வரை ஹார்னை அடித்துக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்தாரா, எங்கேயாவது நின்றுபோனாரா, தெரியாது. திங்கட்கிழமை வந்தவர்களை மாமா காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன வருடம் நான் வாங்கிய மின்சார ஸ்கூட்டரில் வேலூரிலிருந்து ஆரணி போனேன். 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், சார்ஜ் பாதிக்குச் சற்று மேல் மீதி. கம்பெனி சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், கேட்காவிட்டால் இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. சார்ஜரைக் கூடவே எடுத்துப் போங்கள். யார் வீட்டிலாவது செருகினால் கரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள். நெசவுத் தெருக்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு மேல் போங்கள். முன்னால் போவதாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அன்று ஏன் எனக்காகப் பொய் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை. ஸ்கூட்டரைப் பார்த்ததும் ஒரு சுற்று ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தார். பின்னால் நான் உட்கார்ந்தேன். புறப்பட்டதிலிருந்து அவர் கட்டைவிரலை ஹார்னிலிருந்து எடுக்கவே இல்லை, தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அக்காவும் வாசலுக்கு வந்து நின்றாள். அவளைத் தாண்டும்போது மாமா பாதி திரும்பி என்னைக் கேட்டார்:

"ஏண்டா சாமு, ஹார்ன் அடிச்சா சார்ஜ் எறங்குமா?"