கெங்கம்மாள் விட்ட மூச்சு

கெங்கம்மாளின் கைகள் இறால் உரித்துக்கொண்டிருந்தன. தலையைக் கிள்ளி ஒரு பக்கம், ஓட்டை இழுத்துக் காலடியில், சதையைத் தகரத் தட்டில். விரலிடுக்கெல்லாம் புண். இறால் நீர் பட்டுப் பட்டுத் தோல் வெளுத்து ஊறியிருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்த ஓலைக் கொட்டகைக்கு வெளியே பழைய ஓடுகள் குவிந்து, ஈ மொய்த்து, அடியில் புழு நெளியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் இருக்கும். ஐஸ் போட்டு லாரியில் இறால் பட்டணத்துக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். அந்தக் கொட்டகையைப் பார்த்த பிறகு நான் இறால் தின்றதில்லை.

நான் அங்கே ஒரு சின்னப் பிரசவ விடுதியில் நர்சு. கொட்டகையில் வேலை செய்த கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். என் கண்ணெதிரே கெங்கம்மாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சாய்ந்தாள். வாயைப் பிளந்து காற்றை வாரி வாரி விழுங்கினாள். கை விரல்கள் கோணிக்கொண்டு கொக்கி மாதிரி வளைந்தன.

"வந்துடுச்சு! இவ மேல பேய் வந்துடுச்சு!" என்று பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி இரும்புச் சாவியைக் கையில் திணித்தாள். இன்னொருத்தி, "மூச்ச இழுடி, நல்லா இழு!" என்று முதுகில் குத்தினாள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இறால் கையோடு ஒருத்தி அவள் முகத்தைத் துடைத்ததில் சளி மாதிரி ஒரு கோடு கன்னத்தில் நின்றது.

எல்லோரையும் விரட்டிவிட்டு அவள் அருகில் உட்கார்ந்தேன். அடங்கிய பிறகு கேட்டேன்: "ஏன் அப்படிக் காத்த முழுங்கற?"

"தண்ணிக்குள்ள போறப்ப அப்டித்தான் நர்சம்மா. நெஞ்ச ரொப்பிக்கினுதான் முழுவுவோம்."

அவள் சின்ன வயதிலிருந்து ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து, மூச்சை நிரப்பிக்கொண்டு முழுகி, சேற்றைத் துழாவுவார்கள். அதற்கு முந்தின வருடம் முகத்துவாரத்துப் பக்கம் சேற்றில் கால் மாட்டி, வெள்ளம் ஏறி, செத்தோம் என்று நினைத்தபோது யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து தண்ணீரில் இறங்கவில்லை. ஆனால் பயம் வரும்போதெல்லாம் உடம்பு பழைய வேலையைச் செய்தது. நெஞ்சை நிரப்பிக்கொண்டே இருந்தது.

"இங்க தண்ணி எங்கடி இருக்கு?" என்றேன்.

அவள் திகைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"உள்ள ஏற்கெனவே காத்து ரொம்பி வழியுது. அதனாலதான் விரல் கோணுது. மொதல்ல வெளிய விடு. சாம்பல் பறக்காம அடுப்ப ஊதற மாதிரி, மெதுவா, நீளமா. வயித்துல கைய வெச்சுக்கோ. உள்ள வர்றது தானா வரும்."

"இந்த நாத்தத்துலயா?"

"இழுக்கறதுக்குத்தான் நாத்தம். விடறதுக்கு இல்ல."

சிரித்தாள். நன்றாகச் சிரிக்கக்கூடிய பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. பிரசவ வலியில் கத்துகிறவர்களுக்கு நான் தினமும் சொல்வதுதான் இது. மந்திரம் ஒன்றுமில்லை. அவள் உரிக்கும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் அதைப் பழகினாள். வருவது குறைந்தது. நிற்கவில்லை.

நிற்கும்வரை காத்திருக்க அவள் வீட்டுக்குப் பொறுமையில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு, பாடு என்பார்கள். அவள் புருஷன் நாகமுத்துவின் பாடு நெருங்கியிருந்தது. பேய் பிடித்த வீட்டுக்காரனோடு படகேற மாட்டோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். மாமியார் அங்காளம்மாள் சின்னராசு பூசாரியைப் பேசிவைத்தாள். அவன் புகை போடுவான். புகையில் அவள் விழுந்து ஆடினால் பேய் உண்டு என்று அர்த்தம். அப்புறம் தன் கோயில் வேப்பமரத்தில் சங்கிலி போட்டு, பேய் இறங்கும்வரை கட்டிவைப்பான்.

அந்த மரத்தடியை நான் போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருத்தி கிடந்தாள். கணுக்காலில் சங்கிலி அறுத்துச் சீழ் வைத்திருந்தது. மலமும் சோறும் ஒரே இடத்தில். புண்ணைக் கழுவப் போனதற்கு, பிரசவம் பார்க்கிற தீட்டுக்காரி தொடாதே என்று பூசாரி என்னை விரட்டினான். அவன் வாய் நாற்றம் சீழைவிட மோசம்.

நாகமுத்துவிடம் சொன்னேன். "நான் இன்னா பண்றது நர்சம்மா, அம்மா கேக்க மாட்டேங்குது," என்று தலையைச் சொறிந்தான். பெண்டாட்டியைக் கட்டிப்போடுவதற்குச் சம்மதிக்க இவ்வளவு பணிவு.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். அவன் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் வலைக் கூட்டாளிகள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. நானும் போனேன். சட்டியில் நெருப்பு, அதில் வேப்பிலை, பெண் முடி, பழைய தோல் செருப்பின் துண்டு. பூசாரி கெங்கம்மாளின் தலையைப் பிடித்து அதன்மேல் அமுக்கினான்.

அவள் தோள்கள் ஏறின. வாய் திறந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு முந்தானைக்குள் கை வயிற்றுக்குப் போவதைப் பார்த்தேன். உதட்டைக் குவித்தாள். ஊதினாள். மெதுவாக, நீளமாக. புகை அவள் முகத்திலிருந்து விலகிப் பூசாரி பக்கம் போனது. தோள் இறங்கியது. மறுபடி ஊதினாள். அவள் விட்டுக்கொண்டே இருந்ததால் உள்ளே போனது கொஞ்சம்தான். பக்கத்தில் நின்று ஆவென்று பார்த்தவர்கள்தான் இருமிச் சாகக் கிடந்தார்கள்.

"ஏய்! யாரு நீ? எந்த ஊரு? இன்னா வேணும் ஒனக்கு?" என்று பூசாரி வேப்பங்கொத்தால் அடித்தான்.

"நான் கெங்கம்மா. இந்த ஊட்டு மருமவ. ஒண்ணும் வேணாம், மொதல்ல அந்தச் செருப்ப எட்த்து வெளிய போடு. கொமட்டுது."

யாரோ சிரித்தார்கள். அவன் முடியையும் செருப்பையும் இன்னும் போட்டான். அவள் கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது. விரல்கள் மட்டும் கோணவில்லை. கடைசியில் அவனுக்கே இருமல் பிடித்து, ஓரமாகப் போய்க் காறித் துப்பினான்.

"பேய் எறங்கி ஓடிப்போச்சு," என்றான் திரும்பி வந்து. "எம் பொகைக்கு எது நிக்கும்?" காணிக்கையாக வைத்திருந்த சேவலை இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

"ஆட்டமே காட்டல," என்று கூட்டாளிகளில் ஒருவன் முணுமுணுத்தான். அவனுக்கு ஏமாற்றம். "சரி நாகு, விடியக்கால வந்துரு."

அங்காளம்மாள் பூசாரி போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மருமகள் அந்த இடத்திலேயே குந்தி வாந்தியெடுத்தாள். தலையைப் பிடித்துக்கொள்ள அவர்களில் ஒருவரும் வரவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நாகமுத்து வலையோடு படகேறினான். கெங்கம்மாள் சீயக்காய் போட்டு இரண்டு தரம் தலை தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு விடுதிக்கு வந்து, சங்கிலியில் கிடந்தவளின் புண் கழுவ மருந்தும் துணியும் கேட்டாள். பூசாரி தூங்கி எழும் முன் நாங்கள் இருவரும் வேப்பமரத்தடிக்கு நடந்தோம்.