கடல் தாண்ட வேண்டிய ஆணி

மாம்பாக்கம் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். வெயில் முதுகுப் பக்கம் இறங்கியிருந்தது. மதியம் பொத்தேரியிலிருந்து கிளம்பி, வண்டலூரில் கேளம்பாக்கம் பஸ் ஏறி, கண்டிகையிலேயே இறங்கிவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்தாள். குழந்தை என் மடியிலிருந்த பையைப் பார்த்தது. அழவில்லை, கை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நடப்பது எனக்குப் புதிதில்லை.

பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சார்ஜர், ஒரு துண்டு. துண்டுக்குள் ஓர் ஆணி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஆணி இல்லை. பட்டறையில் அடித்தது, சதுரத் தலை, என் உள்ளங்கை நீளம். தலைக்குக் கீழே ஒரு பெண்ணின் முடியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து அது சணல் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் தொட்டால் முடி என்று தெரிந்தது. அந்த ஆணி அன்றைக்கு விமானம் ஏறியிருக்க வேண்டும்.

நான் பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன். கல்யாண கேட்டரிங்கில் இலை எடுத்தேன், பெரும்பாக்கம் குடியிருப்பில் மாடி மாடியாகத் தண்ணீர் கேன் ஏற்றினேன், மாமல்லபுரத்தில் கல் சிலை விற்றேன். எந்த வேலையும் என்னிடம் நிற்கவில்லை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ் மட்டும் நின்றது. அதை வைத்துத்தான் தாம்பரத்தில் மரங்களைக் காப்பாற்றுகிற ஒரு குழுவில் சேர்ந்தேன். ஏணி தூக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு மாணவிக்குத் தமிழை இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

அவள் போலந்துக்காரி, வனவியல் படிக்கிறவள். விடுமுறையில் வேறொரு நாட்டில் மரங்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று சொந்தச் செலவில் வந்திருந்தாள். பொத்தேரியில் கல்லூரிப் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறை. வந்த வாரம் வயிறு போயிற்று, அடுத்த வாரம் கழுத்தில் தோல் உரிந்தது. இரண்டைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்தது.

வேலை சாதாரணமானது. டியூஷன், மனை விற்பனை, மூல வைத்தியம் என்று சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டி அடித்து வைத்திருப்பார்கள். ஏணி போட்டுத் தட்டியைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை அடைப்போம். பிடுங்கிய ஆணிகள் பெயிண்ட் வாளியில் சேரும். பொத்தேரிக் கல்லூரிப் பையன்கள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து வேலையைவிட அதிகமாகப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

மாடம்பாக்கத்திலிருந்து அகரம்தென் போகிற வழியில், ஏரிக்கரையோரம் ஒரு புளியமரம். அதில்தான் அந்த ஆணி இருந்தது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. தட்டி எதுவும் இல்லாமல் தனியாக. அவள் ஏணியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டு, முடியைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள்.

கீழே நின்ற பையன்களில் ஒருவன் அதற்குள் பார்த்துவிட்டான். "மச்சான், பேய் ஆணிடா! ஒன் ஆளு முடி மாதிரியே கீது பாரு."

"டேய், கிட்டப் போய் செல்ஃபி எட்றா. ரெண்டு பேரும் ஒண்ணா வருவீங்க."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்தால் உடுக்கை அடித்து அதைப் பேசவைப்பார்கள். போகிறேன் என்று அது ஒப்புக்கொண்டதும் அவள் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பேய் அங்கேயே நின்றுவிடும். பெண் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவள் யோசித்துவிட்டு, "மரத்தை யாராவது கேட்டார்களா?" என்றாள்.

குழுவை நடத்துகிற சார் கீழேயிருந்து சத்தம் போட்டார். "மூடநம்பிக்கைக்கு மரம் எதுக்குக் குத்து வாங்கணும்? எடுக்கச் சொல்லுப்பா." அவள் எடுத்தாள். சுலபத்தில் வரவில்லை. வந்ததை வாளியில் போடாமல் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். ஓட்டையை அடைத்தோம், அடுத்த மரத்துக்குப் போனோம்.

மறுவாரம் சேலையூர் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் வண்டியை அணைக்காமலே இறங்கினார்.

"ஏரிக்கரை மரத்துல ஆணி புடுங்கினது நீங்கதானா?"

"ஆமாண்ணா."

"எம் பொண்டாட்டிதுங்க அது." சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை. "தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தா, இன்னிக்குத்தான் வந்து நேரா வேலைக்குப் போய்கீறா. சாயங்காலம் பஸ்சு அந்த மரத்தாண்டதான் நிக்கும். தெனம் எறங்கி அத ஒரு தபா பாத்துட்டுத்தான் வூட்டுக்கு வருவா. இல்லன்னு தெரிஞ்சா மறுபடியும் ஆரம்பிச்சிரும். அத நான் ஒரு தபா பாத்துட்டேன். இன்னொரு தபா என்னால முடியாதுங்க. அவ வர்றதுக்குள்ள அடிச்சிக் குடுத்துருங்க."

சார் ஒப்புக்கொள்ளவில்லை. "நாம எடுக்கிற ஆளுங்க, அடிக்கிற ஆளுங்க இல்ல. ஒரு பூசாரியப் பார்க்காம ஒரு டாக்டரப் பாருங்க" என்றார். பார்த்தாயிற்று, எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்தாயிற்று என்றார் ஆட்டோக்காரர். நான் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். அவள் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஏணியைக் கூரைமேல் கட்டினேன். இரண்டு பையன்கள் வேடிக்கை பார்க்கத் தொற்றிக்கொண்டார்கள்.

மரத்தடியில்தான் அடுத்த சிக்கல் வந்தது. யார் அடிப்பது?

"நான் தொடக் கூடாதுங்க. தாலி கட்னவன் கை பட்டா கட்டு அவுந்துரும்னு சொல்லிகீறாரு. சொன்ன பூசாரியும் செத்துட்டாரு" என்றார் ஆட்டோக்காரர்.

சுத்தியைப் பையன்களிடம் நீட்டினேன். செல்ஃபிக்காரன் பின்னால் நகர்ந்தான். "அண்ணா, எனக்குத் திங்கக்கிழம செமஸ்டர்ண்ணா."

"எனக்கு அரியர் வேற கீதுண்ணா" என்றான் மற்றவன். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

ஏணி பிடிப்பது என் வேலை என்று சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறினாள். பழைய ஓட்டையிலேயே வைத்து அடித்தால் மரத்துக்குப் புதுக் காயம் இல்லை என்று நினைத்தாள். ஆணி நிற்கவில்லை, ஆடியது. ஒரு சாண் தள்ளி நல்ல மரத்தில்தான் அடிக்க வேண்டியிருந்தது. அடிப்பதற்கு முன் பட்டையில் கை வைத்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். ஆணியைப் பிடுங்கக் கடல் தாண்டி வந்தவள் அவள். அடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியதால் நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்தது. இறங்கிய பெண்ணுக்கு நாற்பதுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்கள் போடுகிற நீலக் கோட்டு, கையில் சாப்பாட்டுக் கூடை.

"இன்னாய்யா, வண்டிய இங்க போட்டுகினு நிக்கற?"

"ஒண்ணுமில்லமே. மரத்துக்கு மருந்து போட்றாங்க. சவாரி வந்தேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். "நவுந்துகீது."

"இன்னா நவுந்துகீது?"

"நடிக்காத. தெனம் பாக்கறவளுக்குத் தெரியாதா?" பிறகு ஏணியிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தார். "இதுவா அடிச்சிது? பயம் இல்லியா இதுக்கு?"

கேட்டுச் சொன்னேன். பயமில்லை என்றாள். அது உண்மை. அன்றைக்கு அவளுக்குப் பயமில்லை.

அந்த அக்கா கூடையை வைத்துவிட்டு வேரில் உட்கார்ந்தார். எங்களிடம் பேசினாரா தன்னிடமே பேசினாரா என்று தெரியவில்லை. "எக்ஸ்போர்ட் கம்பெனில எனக்குப் பக்கத்து தையல் மிஷினு, இந்த ஆணில கீறவ. துபாய் போவணும் துபாய் போவணும்னு ஒரே பாட்டு. பாஸ்போர்ட்டு வந்த வாரமே ரயில்ல அடிபட்டுட்டா. என் மேல வந்து, பாஸ்போர்ட்ட குடு, பாஸ்போர்ட்ட குடுன்னே கேட்டாளாம். எனக்கு ஒண்ணும் நெனவு இல்ல. இதோ, இந்தாளு சொல்றதுதான். ஆணி அடிச்சதும் பேச்சு நின்னுச்சு. ஆனா நான் வூட்டுக்குப் போறேன், அவ இங்கியே நிக்கறா. போவணும் போவணும்னு சொன்னவள மரத்துல மாட்டி வெச்சிகீறோம்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் பாதுகாப்புக்காகத்தான் மனைவி தினம் அந்த ஆணியைப் பார்க்கிறாள் என்றுதான் அவர் இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

"இந்தப் பொண்ணு எந்த ஊரு தம்பி?"

"போலந்துக்கா."

"கடல் தாண்டியா?"

"தாண்டி ரொம்ப தூரம்."

"அப்ப இட்டுகினு போவச் சொல்லு. கடல் தாண்டிட்டா திரும்பாது. அவளுக்கும் வெளிநாடு போன மாதிரி இருக்கும்."

சொன்னதும் அவள் சரி என்றுவிட்டாள். மறுபடியும் ஏறி, தான் அடித்ததைத் தானே பிடுங்கினாள். இரண்டு ஓட்டைகளையும் மஞ்சள் வைத்து அடைத்தாள். அக்கா என் நம்பரை வாங்கிக்கொண்டார். "பிளேன் ஏறினதும் ஃபோன் பண்ணு. மரத்துலயும் இல்லாம ஊருக்கும் போவாம நடுவுல கீறா. அது வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

வரவில்லை. அதற்குப் பிறகு ஆட்டோக்காரர் அடிக்கடி கூப்பிட்டார். அக்கா இருட்டில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார், சோறு இறங்கவில்லை, எப்பதான் இந்தப் பொண்ணு கிளம்பும் என்று கேட்பார். நான் கிழமையைச் சொல்வேன்.

அந்தக் கிழமை வந்தது. சாமான் இறக்கித் தர பொத்தேரிக்குப் போனேன். அவள் பெட்டி மூடியிருந்தது. மேஜைமேல் ஆணி மட்டும் இருந்தது. முதலில் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள் என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கூட இருக்கிற பெண்கள், இரவில் நீ யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறார்களாம். "எங்கள் வீட்டில் என் அம்மா தனியாக இருக்கிறாள், அண்ணா. இதை அங்கே கொண்டுபோக முடியாது" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் அம்மா இருந்தால் நானும் கொண்டுபோக மாட்டேன். எனக்கு அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆணியைக் கரையிலிருந்து கடலில் எறிந்தால் அலை திருப்பிக் கொண்டுவந்து போடும். படகில் போக வேண்டும். பக்கத்தில் படகு இருக்கிற கடல் கோவளம். தெரியாதவனைச் சும்மா யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள், வேலைக்காரன் என்றால் ஏற்றுவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

பின்னால் யாரோ நடந்துவந்தார்கள் என்று எழுதினால் பொய். யாரும் வரவில்லை. ஆனால் புதுப்பாக்கத்தில் டீக்கடையில் நின்று, "ரெண்டு டீ" என்றேன். கடைக்காரர் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்று பெஞ்சில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. "கூட வந்தவங்க எங்க தம்பி?" என்றார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கேளம்பாக்கத்தில் ஃபோன் அடித்தது, அக்கா. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.

கோவளத்தில் விளக்கு போட ஆரம்பித்த நேரம். ஃபைபர் படகுகள் மணலில் ஏறியிருந்தன. வலையைக் குவித்துக்கொண்டிருந்தவரிடம் வேலை கேட்டேன்.

"கடலுக்குப் போயிருக்கியா?"

"இல்லண்ணா."

"வாந்தி எடுப்ப."

"எடுப்பேன்."

அவர் சிரித்தார். "ஒருத்தன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்கீறான். விடியறப்ப வா. ஒண்ணும் துன்னாம வா."

படகோரமாகவே படுத்துக்கொண்டேன். தூங்கினேனா என்று கேட்டால் தெரியாது.

விடிகிற நேரம் நானே அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏறிட்டாளா தம்பி?"

"இப்ப ஏறப்போறாக்கா."

"ஜன்னலாண்ட ஒக்கார வெக்கச் சொல்லு. அவளுக்குப் பாக்கணும்."

சரி என்றேன். ஆணி சுற்றிய துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு படகுக்குத் தோள் கொடுத்தேன். இரண்டு அலை முகத்தில் அடித்தது, மூன்றாவதில் படகு மிதந்தது. ஏறி ஓரமாக, கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். என்ஜினைத் தட்டிவிட்ட அண்ணன் ஒரு வலையை இழுத்து என் மடியில் போட்டார்.

"இன்னா வேடிக்க? சிக்கு எடு."

எடுக்க ஆரம்பித்தேன்.