வெள்ளியில் சுட்ட குறி

எங்கள் குடும்பத்தில் வெள்ளி வேலை செய்த முதல் ஆளும் கடைசி ஆளும் மாமாதான். அம்மாவின் தம்பி. மற்றச் சனமெல்லாம் ரொறன்ரோவில் வந்து இறங்க, இவர் மட்டும் யாருடைய பேச்சையோ கேட்டு அல்பேர்ட்டாவில் இறங்கி, ஒரு மாட்டுப் பண்ணையில் மூன்று வருடம் வேலை செய்தார். வன்னியில் மாடு மேய்த்தவன் கனடாவுக்கு வந்தும் மாடுதான் மேய்க்கிறான் என்று அப்பா ரெலிபோனில் அவரைப் பகிடி பண்ணுவார். பனிக்காலத்தில் அங்கே வேலை குறைவாம். பண்ணைக்காரரின் மனைவி கொட்டிலுக்குள் இருந்து வெள்ளியில் பெல்ட் பக்கிள் செய்வாராம். சும்மா விடுப்புப் பார்த்துக்கொண்டு நின்ற மாமாவின் கையில் ஒருநாள் அரத்தைத் திணித்துவிட்டார். அத்தோடு மாமாவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் இருந்த எங்கள் அப்பாட்மென்ற்றுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு சூட்கேசில் உடுப்பு, மற்றதில் சுத்தியல், அரம், உளி, வெள்ளித் தகடு. வந்த மூன்றாம் நாள் குசினிக்குள் வைத்து காஸ் விளக்கால் வெள்ளியை ஒட்டப்போக, நெருப்பு அலாரம் அடித்து, பதினாலு மாடிச் சனமும் சாறத்தோடும் நைற்றியோடும் பனிக்குள் போய் நின்றது. அதற்குப் பிறகு அவருடைய பட்டறை பல்கனிக்கு மாறியது. தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாகக் குந்தியிருந்து, பக்கிளுக்கு மேல் குதிரை லாடம், சேணம், சுருக்குக் கயிறு, கொம்பு வைத்த மாட்டுத்தலை என்று செய்துகொண்டே இருப்பார். கவ்போய் சப்பாத்து விற்கிற கடை ஒன்று அவற்றை வாங்கியது. ரொறன்ரோவில் இதையெல்லாம் யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். மாட்டைக் கண்டால் ஓடுகிற ஆட்கள்தான் போடுகிறார்கள் என்றார் மாமா.

அப்பாவுக்கு இந்தத் தொழில் கண்ணிலும் காட்டக்கூடாது. "பக்கத்து வீட்டுச் சனம் எங்களை நகை செய்யிற ஆக்களெண்டெல்லோ நினைக்கப் போகுது," என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். நினைத்தால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது தமிழ் ஆட்கள் "ஊரிலை எவடம்?" என்று கேட்டால், "வவுனியாப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே கார் இன்சூரன்ஸ் கூடிப்போனதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

என் பிறந்தநாளுக்கு மாமா கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடுகிற ஒரு பென்ரன் செய்து தந்தார். வட்டமான வெள்ளி, ஓரம் முழுக்கக் கயிறு முறுக்கினதுபோல வேலைப்பாடு. நடுவில் ஒரு பிறை, அதற்குக் கீழே இரண்டு கோடு, ஒரு கோட்டுக்கு மட்டும் வால். இது என்ன என்று கேட்டேன்.

"அம்மப்பான்ரை குறி. எங்கடை மாடுகளுக்குத் துடையிலை சுடுறது. அங்கை ராஞ்சிலை ஒவ்வொருத்தனும் தன்ரை குறியைக் கேற்றிலை போடுவான், ட்ரக்கிலை போடுவான், பெல்ட்டிலை போடுவான். உன்ரை குறி என்னெண்டு என்னட்டையும் கேட்டவங்கள். கீறிக் காட்டினன். நல்ல வடிவெண்டு சொன்னவங்கள்."

அதைச் சொன்னபோது மாமாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தை வேறு எப்போதும் நான் கண்டதில்லை. பிறகு, "வீட்டுக்குள்ளை மட்டும் போடு, என்ன?" என்றார். வெளியே போட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் சித்திக்குக் கலியாணம் சரிவந்தது. சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்கு மூத்தவர், எங்களோடுதான் இருந்தார். முப்பத்தொரு வயது. ஒவ்வொரு சம்பந்தமும் ஏதோவொரு இடத்தில் நின்று நின்று போக, அம்மா நேராத நேர்த்தி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் றிச்மண்ட் ஹில்லில் சொந்த வீடு வைத்திருந்தார்கள். கோயிலில் வைத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று, சாதகமும் பொருந்திவிட்டது. இரண்டு மாதமாக இருவரும் ரெலிபோனில் கதைத்தார்கள். சித்தி வயரை இழுத்துக்கொண்டு உடுப்பு அலுமாரிக்குள் போயிருந்து கதைப்பார். பிறகு பூச்சி உருண்டை மணக்க மணக்க வெளியே வந்து, காரணமில்லாமல் என்னைப் பிடித்துக் கொஞ்சுவார்.

நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், அவர்களோடு லண்டனிலிருந்து வந்து நின்ற தாயின் தமையன். அம்மா எனக்குப் பட்டுச் சட்டையும் தங்கச் சங்கிலியும் போட்டுவிட்டு, பென்ரனைக் கழற்றச் சொன்னார். "நல்ல காரியத்துக்கு ஆரும் கழுத்திலை வெள்ளி போடுவினமே? வெள்ளி காலுக்கு." அம்மாவின் கண் முன்னால் கழற்றினேன். பாத்ரூமுக்குள் போய்த் திரும்பவும் போட்டுக்கொண்டேன். வீட்டில் நாலு பேர் புதிதாக வந்திருக்கும்போது அதைக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

லண்டன் பெரியவர் நல்ல கதைகாரர். வாலிப வயதில் வன்னியில் விதானையாராக, ஊருக்கு அரசாங்கத்தின் ஆளாக, இருந்தவராம். மாடு விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் குறியைப் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுத்தது அவர்தானாம். "குறியைக் கண்டால் போதும், ஆரின்ரை மாடெண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்," என்றார். அப்பா அவசரப்பட்டு, "ஐயா கேக் எடுங்கோ, கேக் எடுங்கோ," என்று நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரோல்ஸ் தட்டோடு போய்க் குனிந்தவள் நான். சட்டைக்குள்ளிருந்து பென்ரன் வெளியே விழுந்து ஆடியது. பெரியவர் அதை இரண்டு விரலால் பிடித்தார்.

"ஆர் பிள்ளை உதைச் செய்தது?"

"மாமா செய்தவர். அம்மப்பான்ரை மாட்டுக்குச் சுடுற குறி. நாப்பது மாடு நிண்டது." நாற்பது என்பது நானாகக் கூட்டிச் சொன்னது.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "குளத்துக்குத் தெற்குப் பக்கம், என்ன?" என்றார். அப்பா கேக் தட்டைத் திரும்பவும் அவர் பக்கம் தள்ளினார். "நல்ல வேலைப்பாடு," என்று சொல்லிப் பென்ரனை விட்டுவிட்டு, அந்த இரண்டு விரலையும் பேப்பர் சேர்வியட்டில் துடைத்தார். அவர் இன்னும் ரோல்ஸ் எடுத்திருக்கவில்லை. ஹைவேயில் ட்ரஃபிக் கூடிவிடும், வெளிக்கிடுவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ன ட்ரஃபிக்? மாப்பிள்ளை ஒருதரம் சித்தி நின்ற அறைப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தைத் தேடினார்.

இரண்டாம் நாள், சாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. இரண்டு மாதமாகப் பொருந்தியிருந்த கிரகங்கள் இரண்டு நாளில் இடம் மாறிவிட்டன. மாப்பிள்ளை அதற்குப் பிறகு ரெலிபோன் எடுக்கவே இல்லை. சித்தி ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். அந்த மாப்பிள்ளையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மாட்டுக்குச் சுடுகிற குறி மாட்டுக்காரனின் பெயரை மட்டும் சொல்வதில்லை என்பது இருபது வயது தாண்டித்தான் எனக்குத் தெரியவந்தது. எந்தச் சாதிக்காரன் எந்தக் குறியைச் சுடலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கட்டுப்பாடு இருந்ததாம். எங்கள் குறியை வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு, எங்கள் சனம் குளத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதும், எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதும் தெரியும். கடல் கடந்து வந்து, பதினாலு மாடிக் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்துகொண்டு அப்பா ஒளித்து வைத்திருந்தது அதைத்தான். பண்ணையில் வெள்ளைக்காரர் வடிவு என்று சொன்ன ஒரு சொல்லில் மாமா மயங்கிப்போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் குறியைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்ன ஆட்கள் அவருக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.

தகவல் வந்த அன்று அப்பா மாமாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"பத்து வருசமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள். நீ அதை வெள்ளியிலை அடிச்சுப் பிள்ளையின்ரை கழுத்திலை தொங்க விட்டிருக்கிறாய்!"

அம்மா என் பக்கம் திரும்பினார். "கழட்டச் சொன்னனான் எல்லே? ஆர் உன்னைப் போடச் சொன்னது?"

அம்மாவின் கையில் அகப்பை இருந்தது. "மாமாதான் போடச் சொன்னவர்," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லப் போகிறார், அடி நிச்சயம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஓம் அக்கா, நான்தான் சொன்னனான்," என்றார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி மட்டும்தான். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

சித்திக்கு அதற்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை. அவரும் இனிக் கலியாணமே வேண்டாம் என்றுவிட்டார். மாமா வேறு ஊருக்குப் போய் ட்ரக் ஓடினார், வெள்ளியைத் தொடவே இல்லை.

அவர் வெளிக்கிட்ட அன்று காலையில் பல்கனியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தி கதவடியில் நின்று உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.  நான் பல நாள் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்ததை மாமாவிடம் சொன்னேன்.

"தங்கத்திலை செய்திருந்தா ஒருத்தரும் கோவிச்சிருக்க மாட்டினம், என்ன மாமா?"

மாமா கையிலிருந்த அரத்தைச் சூட்கேசுக்குள் வைத்தார். பிறகு என் தலையைத் தடவி, "ஓம் பிள்ளை, பிழை வெள்ளியிலைதான்," என்றார்.

சித்தி சிரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். எல்லாருடைய கோபமும் தீர்ந்துவிட்டது, இனி மாமா சூட்கேசைத் திறந்து சாமானை வெளியே எடுப்பார், கலியாணமும் நடக்கும் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.