செத்து விழத் தோதான துணி

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் போடுவோம். எந்தக் கதையானாலும் எனக்குக் கோமாளி வேஷம்தான். உடம்பு அப்படி. வயிறு முதலில் மேடையேறும், நான் பின்னாலேயே போவேன்.

இந்த முறை நாடகத்தை நடத்தும் பக்கத்து பிளாக் நண்பர், வேறு ஆள் கிடைக்காமல், என்னைப் பாளையக்காரர் படையில் ஒரு வீரனாகப் போட்டுவிட்டார். கும்பெனிக்காரன் சுட, நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து சாக வேண்டும். கூட்டம் அழ வேண்டும். கூட்டத்தை விடுங்கள், என் மனைவி சிரிக்காமல் இருந்தால் போதும். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பவள். காய்ச்சலில் நான் முனகினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள், தோள் மட்டும் குலுங்கும். ஒரே ஒரு தடவை அந்த முகம் எனக்காகக் கலங்க வேண்டும் என்று ஆசை.

வீட்டில் ஒத்திகைக்காகச் சுடப்பட்டு விழுந்தேன். மிக்சியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். தப்பு என் நடிப்பில் இல்லை, போட்டிருந்த டி-சர்ட்டில் என்று முடிவு செய்தேன்.

சட்டையை அவளே தைப்பதாகச் சொன்னாள். நண்பர் சொல்லி அனுப்பியது இதுதான்: பட்டன் கூடாது, அந்தக் காலத்தில் பக்கவாட்டில் நாடா கட்டிக்கொள்வார்கள், துணியும் மினுங்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். அவள் வழக்கமாக ஜாக்கெட் பிட் எடுக்கும் பாய் கடை. தரையில் வெள்ளை மெத்தை விரித்து, அதன்மேல்தான் துணியைப் பிரித்துப் போடுவார்.

"டிராமான்னா சாட்டின்தான் சார். எல்லாரும் அதான் வாங்கினு போறாங்கோ" என்று சிவப்பு சாட்டினை வீசினார் பாய்.

மினுமினுத்தது. இருந்தாலும் துணி எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டாமா? மேலே போட்டுக்கொண்டு மெத்தையில் மல்லாந்தேன். வயிற்றின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் வழுக்கி இறங்கியது.

"இன்னாங்க இது, குங்குமத்தக் கொட்டி வெச்சாட்டம்" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மா, சிரிக்காதம்மா. சார் செத்துகினு கீறாரு" என்றார் பாய்.

அடுத்தது கஞ்சி ஏறிய முரட்டுத் துணி. மூச்சு விடும்போதெல்லாம் சிப்ஸ் பாக்கெட் போலச் சத்தம் போட்டது.

"செத்தவரு மூச்சு கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்" என்றாள்.

பிறகு பாய் மேல்தட்டிலிருந்து வெளுக்காத காடாத் துணியை இறக்கினார். தலையணை உறைக்கு எடுப்பார்கள். மினுப்பே இல்லை. படைவீரன் இதைத்தான் போட்டிருப்பான் என்று தொட்டதுமே தோன்றியது. கழுத்திலிருந்து கால்வரை போட்டுக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடி, வயிற்றை எக்கி, மூச்சை நிறுத்தினேன்.

சிரிப்பு வரவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று இன்னும் கொஞ்ச நேரம் செத்திருந்தேன். கண்ணைத் திறந்தால், அவள் முகம் நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. தலையணை உறை தவிர அந்தத் துணியை வேறு எதற்கு எடுப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"எந்திரிங்க மொதல்ல."

"இல்லடி, வேஷத்துக்கு இதுதான் பொருத்தமா..."

"எந்திரிங்கன்றேன்ல. பாய், இத உள்ள வைங்க."

பாய் ஏற்கெனவே சுருட்டிக்கொண்டிருந்தார். "நான் அத்த எடுத்துருக்கவே கூடாதும்மா. டீ சொல்லட்டா?"

டீ குடித்தோம். மெத்தை என்னை மறுபடி இழுத்துக்கொள்ளும் என்பதுபோல அவள் என் முழங்கையை விடவே இல்லை. குடித்து முடித்ததும் மூலையில் இருந்த ஒரு சுருளைக் காட்டினாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் மாங்காய் போட்ட ஜன்னல் திரைத் துணி.

"சரித்திர நாடகம்டி" என்றேன்.

"அந்தக் காலத்துல மாங்கா இல்லியா?"

அதையே தைத்தாள், பட்டன் இல்லாமல், நாடா வைத்து. மிச்சத்தைச் சமையலறை ஜன்னலில் மாட்டினாள். சட்டையைப் பார்த்த நண்பர், சாகும் காட்சியில் விளக்கைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று லைட்காரரிடம் கேட்டார்.

பொங்கலன்று கும்பெனிக்காரன் சுட்டான். விழுந்தேன். கூட்டம் அமைதியாகத்தான் இருந்தது. என்னால் எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்க முடியும்? வயிறு ஏறியது, மாங்காய்களும் கூடவே ஏறின.

"மாமே, ஜன்னலு செத்துப்போச்சு பாரு" என்றது பின்வரிசை.

அதற்கு முன்பே முன்வரிசையில் ஒரு சிரிப்பு தொடங்கியிருந்தது. யாருடையது என்று கண்ணைத் திறக்காமலே தெரியும். செத்தவன் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.