மஞ்சள் தாளில் நான் விட்ட வரி

திங்கட்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தாள் கிடைக்கும். அந்த வாரம் என்ன நடக்கப்போகிறது, யார் எதை மறந்துபோனார்கள், வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் அதிபர் தட்டெழுதிப் பிரதி எடுத்து, ஆசிரியர் அறையில் ஆளுக்கொன்றாக இருந்த பெட்டிகளுக்குள் போட்டுவிடுவார். மாணவர் கண்ணில் படக்கூடாத தாள் அது. ஐந்தாம் வகுப்பில் படித்த நான் அதை வாராவாரம் எழுத்தெண்ணி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஸ்காபரோவில் என்னளவுக்கு உள்வீட்டுச் செய்தி தெரிந்த பத்து வயதுக்காரி இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள்.

அதற்குக் காரணம் அம்மா. எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம். அந்தப் பனிக்காலத்தில் அம்மாவுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்து மேற்பார்வை வேலை கிடைத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் நீள மேசைகளை விரித்து வைப்பது, சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து கொடுப்பது, கொட்டிய பாலைத் துடைப்பது, ஓடுகிறவனைப் பிடித்து இருத்துவது. அதிபர் நியாயமான மனுஷி. இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்லி, அம்மாவுக்கும் ஒரு பெட்டி ஒதுக்கிப் பெயரும் ஒட்டியிருந்தார். குடிவரவுக் கந்தோர் தவிர வேறு யாரும் கனடாவில் அம்மாவின் பெயருக்குத் தாள் அனுப்பியது அதுவரை இல்லை. அகதிப் பத்திரங்கள் இருந்த பிளாஸ்ரிக் பைக்குள் மஞ்சள் தாள்களையும் அம்மா பக்குவமாக வைத்தார்.

ஆனால் அதை வாசிக்க ஆள் வேண்டும். அம்மாவின் ஆங்கிலம் ஓகே, தாங்க் யூ, ஸொறி என்ற மூன்று சொற்களோடு நின்றிருந்தது. முதல் இரண்டும் தேவைக்கு வரும். ஓயாமல் உழைத்தது மூன்றாவதுதான். பஸ்ஸில் யாரோ அம்மாவின் காலை மிதித்தாலும் அம்மாதான் ஸொறி சொல்லுவார். அதனால் திங்கள் பின்னேரங்களில் குசினி மேசையில் நான் தாளை வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அம்மா வெங்காயம் வெட்டியபடி கேட்பார்.

"ஒரு வரியும் விடாமல் வாசி பிள்ளை. பிறகு அது தெரியாது, இது தெரியாது எண்டு நிண்டால் மரியாதையில்லை."

நானா விடுவேன்? ஆசிரியர்கள் பிழையே விடாத பிறவிகள் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை மஞ்சள் தாள் இரண்டே வாரத்தில் தவிடுபொடியாக்கியது. குடித்த கோப்பைகளைக் கழுவாமல் தொட்டிக்குள் போட வேண்டாம். இடைவேளை மேற்பார்வைக்குப் போகிறவர்கள் மணியடித்த பிறகு கோட்டைத் தேட வேண்டாம். கையுயர்த்துகிற பிள்ளையையே திரும்பத் திரும்பக் கேட்காமல், பின்வரிசையில் இருப்பவர்களையும் கேளுங்கள். கேள்வி கேட்டால் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருங்கள்.

"அப்ப ரீச்சர்மாருக்கும் பேச்சு விழுது!" என்று அம்மா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை நான் வகுப்புக்குப் போவது பாடத்துக்காக அல்ல, வேவு பார்க்க. எங்கள் ஆசிரியை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணுவது உதட்டில் தெரியும். மூன்றுக்கு மேல் அவருக்குப் பொறுமை இருக்காது, பதிலைத் தானே சொல்லிவிடுவார். திடீரென்று பின்வரிசைக்கு வந்து என்னைக் கேட்டால், அது என்மேல் பிறந்த பாசமல்ல, தாளின் மூன்றாம் வரி என்று எனக்குத் தெரியும். அந்தக் கோப்பைகளைக் கழுவாதவர் யார் என்பதை மட்டும் என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம், எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி. அவனுடைய தாய் விடியமுன்னம் வேலைக்குப் போகிறவர், சோறும் பருப்பும் கட்டி வைத்துவிட்டுப் போவார். பையன் பெட்டியைத் திறந்து வைத்துக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மணியடித்ததும் மூடிக்கொண்டு போவான். இரண்டு நாள் பார்த்த அம்மா மூன்றாம் நாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றைக் குழைத்து அவனுக்குத் தீத்திவிட்டார். எங்கள் வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாய் கையால் ஊட்டுவது செய்தியே அல்ல. பையன் வாயைத் திறந்தான்.

"இண்டைக்கு ஆறு வாய் வாங்கினவன், தெரியுமே!" என்றார் அம்மா வீட்டுக்கு வந்து. அடுத்த நாள் எட்டு. அதற்கடுத்த நாள் பெட்டியையே வழித்துவிட்டானாம். கனடாவுக்கு வந்த பிறகு அம்மா தன் வேலையைப் பற்றி மலர்ந்த முகத்தோடு பேசியது அப்போதுதான்.

அடுத்த திங்கள், மஞ்சள் தாளின் ஏழாம் வரி இப்படி இருந்தது: சாப்பாட்டு நேர மேற்பார்வையாளர்களுக்கு நினைவூட்டல். பிள்ளைகள் தாங்களாகவே சாப்பிட வேண்டும். அவர்களுடைய உணவைக் கையால் தொடவோ ஊட்டவோ வேண்டாம்.

பன்மையில்தான் எழுதியிருந்தது. ஆனால் மேற்பார்வைக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் பால் பெட்டியைத் திறக்கவும் கையுறை போடுகிறவர்.

"பிறகு?" என்றார் அம்மா.

"பிறகு... வெள்ளிக்கிழமை படம் எடுக்க ஆக்கள் வருகினமாம்" என்றேன். அது எட்டாம் வரி.

ஏன் விட்டேன் என்று கேட்டால், அந்த முகம் வாடிவிடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், மறுநாள் அம்மா பள்ளிக்கூடம் முழுவதும் ஸொறி சொல்லிக்கொண்டு திரிவார், என் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பது. அடுத்த வாரம் அதே வரி அடிக்கோட்டோடு வந்தது. மூன்றாம் வாரம் எல்லாம் பெரிய எழுத்தில் வந்தது. முதல் வாரத்து வரியை விட்டவள் மூன்றாம் வாரத்து வரியை எந்த வாயால் வாசிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்பார்கள். நான் மறைத்த பூசணிக்காய் சோற்றுக்குள் இருந்துகொண்டே வளர்ந்தது.

அந்த வியாழக்கிழமை ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அதிபரின் கந்தோருக்கு வரச் சொன்னார்கள். அங்கே அம்மா கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். அதிபர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலை இருந்தது. உன் அம்மா நல்ல வேலைக்காரி, பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் மூன்று முறை எழுதிவிட்டேன், இனியும் இப்படி நடந்தால் அவரை வேலையில் வைத்திருக்க முடியாது, அந்த வரியைப் பார்த்தாரா என்று கேட்டுச் சொல் என்றார்.

வேலை போகும் என்ற பகுதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன். "பிள்ளையளுக்குத் தீத்தக்கூடாது எண்டு தாளிலை போட்டிருந்ததாம். பாத்தனீங்களோ எண்டு கேக்கிறா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்பிடி ஒண்டும் அதிலை இல்லை எண்டு சொல்லு. என்ரை பிள்ளை ஒரு வரியும் விடாமல் வாசிச்சுக் காட்டுறவள் எண்டு சொல்லு. எல்லாத் தாளும் பத்திரமாய் வீட்டை கிடக்கு, வேணுமெண்டால் கொண்டுவந்து காட்டுறன் எண்டும் சொல்லு."

அதிபர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஐந்து எண்ணும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர்தான், உண்மையாகவே பொறுத்திருந்தார்.

அம்மா ஸொறி சொல்கிறார், இனிமேல் செய்யமாட்டாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிபர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். நான் அம்மாவிடம் திரும்பி, "எல்லாம் சரியாம். இனிமேல் அவனையே கரண்டியாலை சாப்பிட விடட்டாம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பி, அதிபர் நீட்டிய கையைப் பிடித்து, "ஓகே" என்றார். பிறகு, "தாங்க் யூ."

அம்மாவின் வேலை போகவில்லை. பையனும் இரண்டு வாரம் மல்லுக்கட்டிக் கரண்டிக்குப் பழகிவிட்டான். அம்மா அவனுக்குப் பக்கத்தில், கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு இருப்பாராம்.

அடுத்த திங்கள் நான் குசினி மேசையில் போய் இருந்தேன். அம்மா மஞ்சள் தாளைத் தானே மடித்துப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தார். "இந்தமுறை ஒண்டும் பெரிசாய் இல்லை" என்றார். அதற்கடுத்த திங்களும் அப்படித்தான். சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கினார். எனக்கு உள்வீட்டுச் செய்திகள் நின்றுபோனதில் கவலைதான், அந்தக் கோப்பைக்காரர் தப்பிவிட்டார். மற்றபடி அம்மாவின் வேலையைக் காப்பாற்றிய கெட்டிக்காரி நான் என்று கன வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அன்று சொன்ன பதிலில் மன்னிப்பு ஒரு சொட்டும் இல்லை. அதை நான் ஆங்கிலமாக்கியபோது அதற்குள் இருந்தது, அம்மாவுக்குத் தெரிந்த மூன்று சொற்களில் ஒன்று. அதைக் கேட்ட பிறகுதான் அவர் என்னை அப்படிப் பார்த்தார்.