அப்பா கேம்ப் போயிருக்கார்

போன வாரம் மகன் ஆபீஸ் வேலையாகப் புனே கிளம்பினான். புதிதாக வாங்கிய கித்தான் பையை அவன் திறந்தானோ இல்லையோ, அந்த வாடை என்னை அக்ரஹாரத்து வாடகை வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா படுக்கை சுருட்டும் ஹோல்டாலும் இதே கித்தான்தான்.

"அப்பா கேம்ப் போயிருக்கார்." தொண்ணூறுகளில் மைசூரில் எங்களைப் போன்ற சர்க்கார் உத்தியோக வீடுகளில் யார் வந்து கேட்டாலும் இதுதான் பதில். பட்டாளம் கூடாரம் அடித்துத் தங்கினால் கேம்ப். வெள்ளைக்கார அதிகாரிகளும் அப்படித்தான் கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சுற்றினார்களாம். கூடாரம் போயிற்று, சொல் மட்டும் ஆபீசில் ஒட்டிக்கொண்டது. சர்வேயரான அப்பா ஹனூர் பக்கம் நிலம் அளக்கப் போனாலும் கேம்ப்தான். சண்டைக்குப் போகிற தோரணையில்தான் கிளம்புவார்! சொன்ன நாளில் வராவிட்டால் கேம்ப் நீண்டுவிட்டது என்று அர்த்தம். சொல்லி அனுப்பும் வழக்கமெல்லாம் கிடையாது. ஒருமுறை அம்மா எதிர் மருந்துக்கடையிலிருந்து போன் போட்டதற்கு, "கேம்புக்கு யாராவது போன் பண்ணுவாங்களா? என் மானமே போச்சு" என்று வந்து குதித்தார்.

எங்களுக்கோ கேம்ப் என்றால் கொண்டாட்டம். சமையல் பாதி, டிவி முழுசு.

அந்த முறை வெள்ளிக்கிழமை வரவேண்டியவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு காலை அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அவர் தங்கற பங்களாவுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமாடி?"

"சும்னே ஏம்மா? கேம்ப் நீண்டிருக்கும். அப்புறம் வந்து குதிப்பார்."

கன்னடம் கலந்து, பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். வயது பதிமூன்று. உங்களிடம் மறைப்பானேன்? கன்னடத்தில் பெயிலான மார்க் கார்டில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இன்னும் ரெண்டு நாள் தள்ளிப்போகட்டுமே என்ற அற்பப் புத்தி. அம்மா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டாள்.

திங்கள் காலை ஹனூரிலிருந்து பியூன் வந்து நின்றார். வெள்ளி சாயங்காலமே அப்பாவுக்கு நெஞ்சுவலி. அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் சனி, ஞாயிறு. மைசூர் ஆபீசில் போனை எடுக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் போனே கிடையாது. ஞாயிறு சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

"தனியாளுங்கம்மா, அவர உட்டுட்டு வர முடியல. கடசி வரைக்கும் வாசலவே பாத்துக்கிட்டு இருந்தாருங்க. வூட்டுலருந்து ஆரும் வரலியான்னு கேட்டுக்கிட்டே..."



இப்போது யாரும் கேம்ப் போவதில்லை, எல்லாம் டூர். மகன் இறங்கும் இடமெல்லாம் போட்டோ அனுப்புகிறான். என்ன பிரயோஜனம்? அம்மா அதன்பிறகு இருபது வருஷம் என்னோடுதான் இருந்தாள். "நீ சொல்லித்தானேடி நான் போகல" என்று ஒருநாளும், கோபத்தில்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதாவது தீர்த்திருப்பேன். இப்போது கேட்க அவளும் இல்லை.